காலில் கல் கட்டிய கார்

எலெக்ட்ரிக் கார் ஷோரூம் பக்கம் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை செகண்டில் நூறைத் தொடும், டாஷ்போர்டில் எத்தனை இன்ச் திரை என்பதையெல்லாம் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே விற்பனைப் பையன் ஒப்பித்துவிடுவான். எல்லாம் முடிந்த பிறகு, ‘வண்டி என்ன எடை தம்பி?’ என்று மெதுவாகக் கேளுங்கள். அநேகமாக முழிப்பான். அவன்மேல் தப்பில்லை. அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாம் எதைத்தான் எடை பார்க்காமல் வாங்குகிறோம்? கறிக்கடையில் எலும்பு அதிகம் விழுந்துவிட்டது என்று சண்டை போடுகிறோம். பழைய பேப்பர்காரரின் தராசைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறோம். ஐம்பது கிராம் முந்திரி குறைந்தால் அண்ணாச்சி கடையை மாற்றுகிறோம். இருபது லட்சம் கொடுத்து வாங்குகிற கார் எத்தனை கிலோ என்று மட்டும் நாம் கேட்பதுமில்லை, அவர்கள் சொல்வதுமில்லை.

இந்தக் கேள்வியை இப்போது கேட்கவேண்டிய ஊர் தூத்துக்குடி. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்த வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. வியட்நாம் கம்பெனி. 400 ஏக்கர். ஆரம்பத்தில் வருடத்துக்கு 50,000 கார், பிறகு ஒன்றரை லட்சம் வரை என்று திட்டம். உப்பும் கருவாடும் மக்ரூனும் முத்தும் சங்கும் என்று பேர் வாங்கிய ஊரில் இனி காரும். சந்தோஷம்தான். தென் மாவட்டத்துப் பையன்கள் வேலைக்காக ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் கொஞ்சமாவது மாறினால் அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் அங்கே முதலில் தயாராகும் வி.எஃப்.6, வி.எஃப்.7 இரண்டுமே எஸ்.யு.வி.கள். முதலாவதில் 59.6 யூனிட் பேட்டரி, இரண்டாவதில் 70.8 யூனிட் வரை. (இன்ஜினியர்கள் கிலோவாட் அவர் என்பார்கள். நம் இ.பி. அட்டையில் இருக்கும் அதே யூனிட்தான், பயப்படாதீர்கள்.) இன்றைய பேட்டரிகளின் லட்சணத்தில் அறுபது யூனிட் என்றால் பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 400 கிலோ. ஆறு பெரிய ஆட்கள் இறங்காமல் எப்போதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதற்கு வின்ஃபாஸ்ட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் சண்டை அந்த ‘எல்லோரும்’ என்கிற சமாதானத்தோடுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பெட்ரோல் கட்சி அல்ல. பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒப்பாரி வைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. இன்ஜின் சத்தம் போச்சு, கியர் போச்சு, பெட்ரோல் வாசனை போச்சு, ஆன்மாவே போச்சு! சைலன்ஸரில்தான் ஆன்மா இருக்கிறது என்று எந்தச் சித்தர் சொன்னாரோ தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் தெருவில் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவனுக்கும் அந்த ஆன்மா உண்டு. ஒரு பெட்ரோல் இன்ஜின், குடிக்கிற எரிபொருளில் முக்கால்வாசியைச் சூடாக்கி வீதியில் விட்டுவிட்டு மிச்சத்தில்தான் வண்டியை நகர்த்துகிறது. எலெக்ட்ரிக் மோட்டார் பத்துக்கு எட்டரை, ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இந்த வழக்கில் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. அழுகிறவர்கள் அழட்டும்.

ஆனால் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிடம் சத்தத்தைத் தவிர இன்னொரு குணம் இருந்தது. அதற்காக யாரும் அழவில்லை. அது எடைக்குறைவு.

‘ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் சார்? பாளையங்கோட்டை ரோட்டில் எவன் அதை ஓட்டுகிறான்?’ என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கார் உலகத்திலேயே எடையைப் பாவம் என்று நினைத்த ஒரே ஜாதி அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள்தான். மற்றவர்கள் ‘கனமாக இருந்தால் கெட்டி’ என்று நம்பியபோது, இவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்டார்கள். அவர்களும் இப்போது கட்சி மாறிவிட்டார்கள். அப்புறம் நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்று ஒருவர். லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்தவர், 1982-ல் காலமானார். அவருடைய வாழ்நாள் சித்தாந்தமே ஒரு வரிதான்: பெரிய இன்ஜின் போட்டு வேகத்தைக் கூட்டாதே, எடையைக் குறைத்துக் கூட்டு. பெரிய இன்ஜின் உன்னை நேர்ப்பாதையில்தான் வேகமாக்கும், எடைக்குறைவோ வளைவிலும் பிரேக்கிலும்கூட உதவும். அவர் போன பிறகு 1996-ல் அதே கம்பெனி எலிஸ் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. (கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த இத்தாலியரின் பேத்தி பெயர் எலிசா. அந்தக் குழந்தையின் பெயர்தான் காருக்கு.) அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த அடிச்சட்டம் வெறும் 68 கிலோ. மொத்தக் காரும் சுமார் 725 கிலோ. நம் மாருதி 800-ஐவிடக் கொஞ்சம்தான் கூட.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2008-ல், அமெரிக்காவில் டெஸ்லா என்ற புதுக் கம்பெனி தன் முதல் காரை விற்க ஆரம்பித்தது. அந்த ரோட்ஸ்டருக்கு மூலம் இந்த எலிஸ்தான். இங்கிலாந்தில் லோட்டஸ் தொழிற்சாலையிலேயே இன்ஜின் இல்லாத கூடாகச் செய்து, அமெரிக்காவில் பேட்டரியும் மோட்டாரும் வைத்தார்கள். லேப்டாப்பில் இருக்குமே, அந்த மாதிரிச் சின்ன செல்கள் 6831. மொத்தம் 53 யூனிட். பேட்டரி மட்டும் 450 கிலோ. கார் சுமார் 1300 கிலோவாகிவிட்டது. எலெக்ட்ரிக் வண்டி என்றால் கோல்ஃப் மைதானத்தில் ஊர்வது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களை ஓரங்கட்டியது அது. அந்த எடையை நான் மன்னிக்கத் தயார். முதல் முயற்சி, கையில் கிடைத்த பேட்டரி, மூல வண்டி இலேசாக இருந்ததால்தான் இந்த மட்டிலாவது நின்றது.

மன்னிக்க முடியாதது அதற்கப்புறம் நடந்தது. பேட்டரி வருடா வருடம் மேம்பட்டது. ஒரு கிலோவில் முன்பைவிட அதிக மின்சாரம் அடைக்க முடிந்தது. விலையும் சரசரவென்று இறங்கியது. நியாயமாகப் பார்த்தால் கார்கள் இலேசாகியிருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். மிச்சம் பிடித்த கிலோவையெல்லாம் இன்னும் பெரிய பேட்டரி, இன்னும் பெரிய உடம்பு, இன்னும் பெரிய சக்கரம் என்று செலவழித்துவிட்டார்கள். சம்பள உயர்வு வந்ததும் கடன் வாங்குகிற நம் வழக்கம் மாதிரியே.

லோட்டஸ் எலிஸ் 2021-ல் நிறுத்தப்பட்டது. அடுத்த வருடமே, சீன முதலாளிகளின் கையிலிருக்கும் அதே லோட்டஸ், எலெட்ரே என்ற எலெக்ட்ரிக் எஸ்.யு.வி.யைக் காட்டியது. எடை? இரண்டரை டன் சுமார். மூன்று எலிஸ்களை அடுக்கி வைத்தாலும் தராசு இந்தப் பக்கம்தான் சாயும். 2023 நவம்பரில் இந்தியாவுக்கும் வந்தது, விலை இரண்டரைக் கோடிக்கு மேல். சாப்மன் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்.

எம்.ஜி. கதை இன்னும் ருசியானது. 1962-ல் வந்த எம்.ஜி.பி. என்கிற இரட்டை இருக்கை கார் ஒரு டன்னுக்கும் குறைவு, உலகமெங்கும் இளவட்டங்களின் கனவு. அந்தப் பெயரை வாங்கிய சீனக் கம்பெனியின் வாரிசு, 2025 ஜூலையில் நம் ஊருக்கும் வந்தது: சைபர்ஸ்டர். அதே இரட்டை இருக்கை, திறந்த கூரை. முழுக்க எலெக்ட்ரிக், 77 யூனிட் பேட்டரி, 3.2 செகண்டில் நூறு, 75 லட்சம். பார்க்க அழகு, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு பேரைச் சுமக்கக் கிட்டத்தட்ட இரண்டு டன்! இரண்டு யானைக்குட்டிகளுக்கு ஓட்டப் பந்தய உடுப்பு போட்டுவிட்டால் அவை மானாகிவிடுமா?

‘அதுதான் 3.2 செகண்டில் பறக்கிறதே, எடை இருந்தால் என்ன?’ இதுதான் விளம்பரங்களின் வாதம். மோட்டாருக்குப் பலம் இருக்கிறது, தள்ளிவிடுகிறது. வாஸ்தவம். ஆனால் தள்ளியதை நிறுத்த வேண்டாமா? வளைக்க வேண்டாமா? எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் மோதும் சக்தியும் இரண்டு மடங்கு. உள்ளே இருப்பவருக்கு ஏர்பேக் உண்டு. எதிரே டி.வி.எஸ். 50-ல் மீன் கூடையோடு வருகிறவருக்கு என்ன உண்டு? நம் ஊர்ச் சாலைகளில் சாவது பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும்தான்.

இந்த எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதி பயத்திலிருந்து. நாற்பது லிட்டர் பெட்ரோல் முப்பது கிலோதான். தீர்ந்தால் அந்த முப்பதும் காலி. பேட்டரி அப்படியில்லை. சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 400 கிலோ. நாம் தினமும் ஓட்டுவது முப்பது, நாற்பது கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், திருநெல்வேலி ஐம்பது. ஆனால் எப்போதோ ஒரு நாள் சென்னைக்குப் போனால் நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்துக்காக, ஐந்நூறு கிலோமீட்டர் பேட்டரியைத் தினமும் சுமக்கிறோம். தீபாவளிக்கு வரப்போகும் உறவினர்களுக்காக வருடம் முழுக்கப் பன்னிரண்டு கட்டில்களை ஹாலில் போட்டு வைக்கிற மாதிரி. அது அதோடு நிற்பதுமில்லை. பேட்டரி கனத்தால் சட்டம் கனக்க வேண்டும், சட்டம் கனத்தால் பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷனும் கனக்க வேண்டும். இவ்வளவும் கனத்தால் அதே தூரம் போக இன்னும் பெரிய பேட்டரி வேண்டும். குட்டி போடும் வட்டி.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த எடைதான் அவர்களை வேகமாகக் கடலடிக்குக் கொண்டுபோகும். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட வேண்டும். மேலே படகில் இருக்கும் துணையாள் அதை இழுத்துக்கொள்வான். (பெரும்பாலும் மைத்துனன்தான் கயிறு பிடிப்பான் என்பார்கள். அக்கா விதவையாவதை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான் என்கிற கணக்கு.) குளிப்பவர் சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கல் இல்லாமல் மேலே வருவார். கல்லோடு மேலே வர நினைத்தால் மூச்சு போய்விடும். 1961-க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்த ஊரில் செய்யப்படும் காருக்குக் கல்லை விடத் தெரியவில்லை.

எடை அதிகமானால் யாருக்கு நஷ்டம்? வாங்குகிறவருக்கு மட்டும் என்றால் நான் இத்தனை பத்தி எழுதமாட்டேன். அவர் காசு, அவர் கரன்ட்.

கரன்ட் எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடிக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வ.உ.சி. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே 1979-லிருந்து ஓடிய அனல் மின் நிலையம், மொத்தம் 1050 மெகாவாட்டாக வளர்ந்தது. 2015-ல் அதன் அருகிலேயே இன்னொன்று, 1000 மெகாவாட். கப்பலில் நிலக்கரி வந்து இறங்குவதும், சாம்பல் பறப்பதும் அங்கே அன்றாடக் காட்சி. காற்றாலை, சூரிய ஒளி எல்லாம் நம் மாநிலத்தில் நிறைய உண்டு, துறைமுகத்திலேயே 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் சின்ன ஆலை ஒன்றைத் தொடங்கி, தெருவிளக்குக்கும் வண்டி சார்ஜ் போடவும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் கரன்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு இன்றும் வெளியேறுகிறது.

ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கள். இரண்டு டன் எலெக்ட்ரிக் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 18 யூனிட் குடிக்கும். பன்னிரண்டரை கிலோ கரியமில வாயு. அதே பருமனுள்ள பெட்ரோல் எஸ்.யு.வி., லிட்டருக்கு பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால், புகைக்குழாயில் மட்டும் பத்தொன்பது கிலோ. ஆக எலெக்ட்ரிக் ஜெயித்தது. ஆனால் லிட்டருக்கு 22 கொடுக்கும் சின்னப் பெட்ரோல் காரை வைத்துப் பாருங்கள்: பத்தரை கிலோ. கச்சா எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரிக்கும் புகையைச் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அதாவது சின்ன பெட்ரோல் காரை விற்றுவிட்டு ‘பூமியைக் காப்பாற்ற’ இரண்டு டன் எலெக்ட்ரிக் வாங்குகிறவர், ஓட்டுகிற கணக்கில் எதையும் காப்பாற்றவில்லை. பேட்டரி செய்யும்போது வந்த புகை தனிக் கணக்கு. ஒரு டன் எடையில், பத்து யூனிட்டில் நூறு கிலோமீட்டர் போகும் எலெக்ட்ரிக் கார் இருந்தால் ஏழு கிலோதான். நிஜமான லாபம் அங்கேதான் இருக்கிறது. (‘பிரேக் பிடித்தால் கரன்ட் திரும்ப பேட்டரிக்கு வருமே, எடை எப்படிப் பாதிக்கும்?’ என்று கேட்கும் இன்ஜினியர் வாசகருக்கு: வரும், முழுக்க வராது. டயர் தேய்மானம் திரும்ப வரவே வராது.)

அடுத்தது தாமிரம். ஒரு பெட்ரோல் காரில் இருபது கிலோ சொச்சம் தாமிரம் இருக்கும் என்றால், எலெக்ட்ரிக் காரில் எண்பது கிலோ சுமார். பேட்டரி பெரிதாகப் பெரிதாக, மோட்டார் ஒன்று இரண்டாக, தாமிரமும் ஏறும். இதை மற்ற ஊரில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தூத்துக்குடியில் தாமிரம் என்ற வார்த்தைக்கு வேறு பொருள். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22-ம் தேதி போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது. திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் ‘எலெக்ட்ரிக் காருக்குத் தாமிரம் வேண்டாமா, நாடு இறக்குமதி செய்து அழிவதா?’ என்ற குரல் அவ்வப்போது கேட்கிறது.

வேண்டும்தான். யாரும் தாமிரம் இல்லாமல் வாழ முடியாது, நான் எழுதும் இந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு இரண்டு டன் என்று ஒரு டிசைனர் கம்ப்யூட்டரில் கோடு போடும்போதே, ஏதோ ஓர் ஊரில் கூடுதலாக உருக்கவேண்டிய உலோகத்தையும் சேர்த்துத்தான் கோடு போடுகிறார். அது தூத்துக்குடியாக இல்லாவிட்டால் சிலியாகவோ ஜாம்பியாவாகவோ இருக்கும். அங்கேயும் மூச்சுவிடுகிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ‘பசுமை’ என்று ஷோரூமில் எழுதி ஒட்டிவிட்டால் புகை வேறு ஊருக்குப் போகுமே தவிர, மாயமாகிவிடாது.

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது? எடையைப் பார்க்கவே மறுக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து எலெக்ட்ரிக் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 2025 செப்டம்பரில் வரி விகிதங்களை மாற்றியபோதும் அதைத் தொடவில்லை. எட்டு லட்சம் ரூபாய் குட்டி எலெக்ட்ரிக்குக்கும் ஐந்து, இரண்டு டன் 75 லட்சத்துக்கும் ஐந்து. ஐந்து லட்ச ரூபாய்க்கு முதன்முதலாகக் கார் வாங்கும் ஆட்டோக்காரர் சின்னப் பெட்ரோல் வண்டிக்குக் கட்டுவது 18. தமிழ்நாட்டு அரசின் 2023 எலெக்ட்ரிக் வாகனக் கொள்கையும் 2025 இறுதிவரை சாலை வரியை முழுக்கத் தள்ளுபடி செய்தபோது எடையைக் கேட்கவில்லை. தூத்துக்குடியில் உப்பு ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறி இறங்காமல் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. உப்புக்கு இருக்கும் கண்டிப்பு காருக்குக் கிடையாது.

வரி போட்டால் டிசைன் மாறுமா என்று சந்தேகப்படுகிறீர்களா? 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார். நீளம், இன்ஜின் அளவு, இரண்டுதான் நிபந்தனை. விளைவு? 2008-ல் டாடா தன் இண்டிகோ காரின் வாலை நறுக்கி நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்தது. பிறகு மாருதி டிசையரின் டிக்கியையும் நறுக்கினார்கள். எத்தனை அசிங்கமான வால்களை இந்த நாடு பார்த்தது! ஒரு வரி விதி ஒரு நாட்டுக் கார்களின் முகத்தையே, மன்னிக்கவும், பின்புறத்தையே மாற்ற முடியுமென்றால், எடையை மாற்ற முடியாதா?

நார்வே மாற்றிப் பார்த்தது. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 எலெக்ட்ரிக். எலெக்ட்ரிக்கை அவ்வளவு தாங்கிப் பிடித்த நாடே, 2023 ஜனவரியிலிருந்து எலெக்ட்ரிக் காருக்கும் எடை வரி போட்டது. முதல் 500 கிலோ சும்மா, அதற்குமேல் கிலோவுக்குப் பன்னிரண்டரை குரோனர். பாரிஸில் 2024 அக்டோபரிலிருந்து வெளியூர்க் கனத்த கார்களுக்கு பார்க்கிங் கட்டணம் மூன்று மடங்கு. எலெக்ட்ரிக்குக்கும் உண்டு, இரண்டு டன் தாண்டினால். அவர்களெல்லாம் எலெக்ட்ரிக் விரோதிகளா?

‘இலேசாக எலெக்ட்ரிக் கார் செய்யவே முடியாது’ என்பது அடுத்த பொய். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் மாணவர்கள் 2023 செப்டம்பரில் தாங்களே செய்த எலெக்ட்ரிக் பந்தயக் காரை ஓட்டி, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 0.956 செகண்டில் தொட்டார்கள். உலக சாதனை. காரின் எடை 140 கிலோ. அது ஒற்றை ஆள் பொம்மை என்பீர்கள். ஐரோப்பாவில் 2021 முதல் டாசியா ஸ்ப்ரிங் என்ற நான்கு பேர் எலெக்ட்ரிக் கார் ஓடுகிறது. ஒரு டன்னுக்கும் கீழே, சுமார் 27 யூனிட் பேட்டரி. அதன் மூதாதை யார் தெரியுமா? நம் ரெனோ க்விட். சென்னையில் வடிவமைத்து, ஒரகடத்தில் செய்து, 2015-ல் வந்த அதே க்விட். நம் பிள்ளைகள் போட்ட இலேசான சட்டத்தை எடுத்துப் போய் சீனாவில் பேட்டரி வைத்து வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள். ஸ்போர்ட்ஸ் காரிலும், இங்கிலாந்தில் லாங்போ என்ற புதுக் கம்பெனி 895 கிலோவில் எலெக்ட்ரிக் ஸ்பீட்ஸ்டர் என்று 2025-ல் அறிவித்தது. ரோட்டில் வரட்டும், பார்க்கலாம்.

நம் ஊரில் இந்த வித்தை இல்லாமலில்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் என்று ஒரு மனிதர் இருந்தார். காசைக் கொட்டி வெளிநாட்டு பந்தயக் கார் வாங்க முடிந்தவர். ஆனால் மாருதி 800 இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி இலேசான ஒற்றை ஆள் பந்தயக் காரைச் செய்தார். காலேஜ் பையனும் பந்தயத்துக்கு வர முடிந்தது அதனால்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனின் ஆரம்பப் பந்தயங்கள் இந்த ஃபார்முலா மாருதி வகை வண்டிகளில். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் சொந்தமாகக் கார் செய்து கொண்டுவர வேண்டும். எலெக்ட்ரிக்குக்குத் தனிப் பிரிவே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார் குழு 2022 நவம்பரில் தன் முதல் எலெக்ட்ரிக் பந்தயக் காரைக் காட்டியது. ஒரு போல்ட்டைக்கூட நிறுத்துப் பார்த்துப் போடும் பையன்கள் இவர்கள். படித்து முடித்து வேலைக்குப் போனதும் இவர்களைத்தான் இரண்டு டன் வண்டிக்குப் பதினைந்து இன்ச் திரை பொருத்த உட்கார வைக்கிறோம்.

தூத்துக்குடித் துறைமுகத்திலேயே இன்னொரு பாடம் ஏறி இறங்குகிறது. எண்பது மீட்டருக்குமேல் நீளமான காற்றாலை இறக்கைகள். கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்தவை. அந்த நீளத்துக்கு இரும்பில் செய்தால் தூக்கவே முடியாது, காற்றில் எங்கே சுற்றுவது? நீளமான லாரியில் அது பைபாஸில் திரும்பும்போது ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. இலேசாகவும் கெட்டியாகவும் ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடையெல்லாம் வீண் கொழுப்பு அல்ல. மாருதி 800 இலேசாக இருந்ததற்கு ஒரு காரணம், அதில் ஏர்பேக்கோ கதவுக்குள் இரும்புச் சட்டமோ கிடையாது. அந்த 650 கிலோவுக்குத் திரும்பச் சொல்லவில்லை. எலிஸில் ஏறி இறங்க யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் வேண்டாம். பாதுகாப்புக்கு வேண்டிய எடை இருக்கட்டும். பகட்டுக்கும் பயத்துக்கும் ஏற்றிய எடையை இறக்குங்கள் என்கிறேன். நான்கு பேருக்கு 1100 கிலோ. இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் காருக்கு 900. முப்பது யூனிட் பேட்டரி. திருச்செந்தூர், திருநெல்வேலி, மதுரை நெடுஞ்சாலைகளில் டீக்கடை உள்ள இடமெல்லாம் வேகமான சார்ஜர். சார்ஜர் நிறைய இருந்தால் பெரிய பேட்டரி எதற்கு? அரசாங்கம் தரும் சலுகையில் பாதியை அந்தச் சார்ஜர்களுக்குக் கொடுக்கலாம்.

வரி விஷயத்தில் நிதி அமைச்சகத்துக்கு நான் சிரமம் கொடுக்கவில்லை, ஒரே வரி போதும்: 5 சதவிகிதம் 1200 கிலோ வரை, அதற்குமேல் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் ஒரு சதவிகிதம் கூட. வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியிலிருந்து தெற்காசியாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறது. கொழும்பிலும் மொம்பாசாவிலும் சாலை குறுகல், கரன்ட் விலை ஜாஸ்தி, வாங்குகிறவர் பர்ஸ் சின்னது. அங்கே விலைபோகப் போவது இரண்டு டன் வண்டியா, ஒரு டன் வண்டியா என்பதை அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையே சொல்லிவிடுவார். மாநில அரசு நிலம் கொடுத்தது, சலுகை கொடுத்தது. அடுத்த கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, ‘1100 கிலோவுக்குள் ஒரு மாடல் இங்கே செய்வீர்களா?’ என்று ஒரு ஷரத்து சேர்க்க யார் தடுக்கிறார்கள்? அந்த மாடலுக்கு ஆள் வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கிரீஸ் கையோடு நிற்கிறார்கள்.